புள்ளி போனால் பொருள் போச்சு!

எங்கள் பெரியப்பா நாற்பது வருஷ காலம் அச்சகத்தில் புரூப் திருத்தியவர். அச்சிட்ட காகிதம் எது கையில் அகப்பட்டாலும் அதில் ஒரு பிழையாவது கண்டுபிடிக்காமல் அவரால் கீழே வைக்க முடியாது. கல்யாணப் பத்திரிகை வந்தால் பெண் யார், பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னால், சந்தியில் ஒற்று மிகுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ரேஷன் கடைப் பலகையும் பஸ்ஸில் ஒட்டிய நோட்டீஸும்கூட அவருடைய பென்சிலுக்குத் தப்பியதில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் காலையில் என்னைப் போனில் கூப்பிட்டு, "ஏண்டா, நீங்களெல்லாம் இப்போது மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதையே விட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேரில் போய் விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய பேரன் வேலை கிடைத்து வெளியூருக்குப் போகும்போது தன் பழைய ஸ்மார்ட்போனைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அதில்தான் அவர் தினசரியின் பக்கங்களைப் படிக்கிறார். 'பல் வைத்தியர்' என்பது அவருக்குப் 'பல வைத்தியர்' என்று தெரிகிறது. 'ஏரி உடைந்தது' என்ற தலைப்பு 'எரி உடைந்தது' ஆகிவிடுகிறது. பேரனுக்கு இந்தத் தொல்லை இருந்ததே இல்லையாம். அவன் அதில் படித்திருந்தால் அல்லவா தொல்லை!

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் பெரியப்பா சிரிக்கிற நிலையில் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு ஒரு சின்னப் பதிப்பகத்திலிருந்து புரூப் வந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் காகிதத்தில் வரும். இப்போது போனுக்கே அனுப்பிவிடுகிறார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. கூலி பெரிதல்ல, "இன்னும் நம்மைத் தேடி வருகிறார்கள்" என்ற பெருமை இருக்கிறதே, அது பெரிது. சமீபத்தில் அவர் பார்த்துக் கொடுத்த புத்தகம் ஒன்றில் பதினேழு இடங்களில் புள்ளி விட்டுப் போயிற்றாம். பதிப்பாளர் நல்ல மனுஷர். "ஐயாவுக்குக் கண் கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஓய்வெடுத்துக் கொள்ளுங்களேன்" என்று நாசூக்காகச் சொல்லியிருக்கிறார்.

பெரியப்பா அன்றைக்கே கண் வைத்தியரிடம் போனார். வைத்தியர் சோதித்துப் பார்த்துவிட்டு, "வயசுக்கு இவ்வளவு நல்ல கண்ணை நான் பார்த்ததில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்படியானால் குற்றவாளி யார்?

நான் அந்தப் பழைய போனை வாங்கிப் பார்த்தேன். 5 அங்குலத் திரை. அகலத்தில் 480 புள்ளிகள், உயரத்தில் 854 புள்ளிகள். இந்தப் புள்ளிகளைத்தான் 'பிக்ஸெல்' என்கிறார்கள். போன் திரையில் நாம் பார்க்கும் எழுத்தும் படமும் சினிமா நட்சத்திரத்தின் கன்னத்துக் குழியும் எல்லாம் இந்தப் புள்ளிகளால் போட்ட கோலமே தவிர வேறில்லை. கோலத்துக்குப் புள்ளி நெருக்கமாக இருந்தால் இழை நயமாக வரும். தூர தூர வைத்தால் முரட்டுக் கோலந்தான்.

புள்ளிகளின் மொத்தத் தொகையைவிட, ஓர் அங்குலத்தில் எத்தனை அடங்குகின்றன என்பதுதான் முக்கியம். அதைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடத்தில் படித்த பிதகோரஸ் கணக்கே போதும். அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியே தன்னால் பெருக்கி, இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, திரையின் மூலைவிட்ட அங்குலத்தால் வகுக்க வேண்டும். பெரியப்பாவின் போனுக்கு விடை 196. அச்சில் ஓர் எழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி 0.3 மில்லிமீட்டர் இருக்கிறதென்று வைத்துக் கொள்ளுங்கள். இந்தத் திரையில் அதற்குக் கிடைப்பது குறுக்கே இரண்டே பிக்ஸெல். பக்கம் முழுவதும் தெரிய வேண்டுமென்று படத்தைப் பாதியாகச் சுருக்கினால் ஒன்றுதான். அந்த ஒன்றும் பக்கத்து வெள்ளையோடு கலந்து சாம்பலாகிவிடும். பாவம், பெரியப்பா என்ன செய்வார்? அவர் கண்ணுக்குப் புள்ளி தப்பவில்லை. அங்கே புள்ளியே இல்லை!

புதுப் போன் வாங்குவதென்று தீர்மானமாயிற்று. பெரியப்பா அதற்காக 15,000 ரூபாய் எடுத்து வைத்தார். அவருக்கு அது இரண்டு வருஷத்துப் புரூப் கூலி. "தப்பான போனை வாங்கினால் இன்னொரு தடவை வாங்க என்னிடம் பணமும் இல்லை, ஆயுசும் இல்லை" என்றார்.

இந்தச் சமயத்தில் எங்கள் எதிர் வீட்டு அக்காவும் வந்து சேர்ந்துகொண்டார். அவருடைய கதை வேறு.

அக்கா சேலத்துப் பக்கம் இளம்பிள்ளையிலிருந்து சேலைகள் வரவழைத்து, படம் எடுத்து, வாட்ஸப்பில் அனுப்பி விற்பனை செய்கிறவர். கணவர் போன பிறகு இரண்டு பெண் குழந்தைகளின் படிப்பு இந்தச் சேலைகளில்தான் நடக்கிறது. சமீப காலமாக அனுப்பிய சேலைகள் திரும்பி வர ஆரம்பித்துவிட்டன. "மாம்பழக் கலர் என்று நினைத்து வாங்கினேன், வந்திருப்பது சந்தனக் கலர்" என்று ஒருவர். "அரக்கு என்றல்லவா இருந்தது, இது கத்தரிப்பூவில் சேர்த்தியாக இருக்கிறதே?" என்று மற்றொருவர். போகிற கூரியர் செலவும் வருகிற கூரியர் செலவும் அக்கா தலையில். ஐந்து வருஷமாக வாங்கிய வாடிக்கைக்காரி ஒருத்தி, "நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டுவிட்டாளாம். அதைச் சொல்லும்போது அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவருடைய போனையும் வாங்கிப் பார்த்தேன். ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்து, திரையிலும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். காகிதம் வெள்ளை. திரையோ, நீலம் போட்டு அலசிய வேஷ்டி! சேலையைப் படம் எடுத்ததும் திரையில் அது நீலம் பாய்ந்து தெரிகிறது. அக்கா மனச்சாட்சிக்குப் பயந்தவர். கையில் இருக்கும் சேலைக்கும் திரையில் இருக்கும் சேலைக்கும் பொருந்தும் வரையில் படத்தில் மஞ்சளைக் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறார். அவர் திரையில் அது சரியான சந்தனம். அடுத்தவர் திரையில் பழுத்த மாம்பழம்! நேர்மையாக இருக்கப் போய்ப் பொய்க்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறார்.

ஆக, ஒருவருக்கு எழுத்து வேண்டும். ஒருவருக்கு நிறம் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் ரிச்சித் தெருவுக்குப் புறப்பட்டோம். பெரியப்பா கையில் ஒரு பை. "அதில் என்ன?" என்று கேட்டதற்கு, "ஆயுதம்" என்றார்.

கடையில் நுழைந்ததும் விற்பனைப் பையன் ஒரு போனை எடுத்து நீட்டினான். அதில் கறுப்புப் பின்னணியில் கிளிகளும் மீன்களும் வானவேடிக்கையும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. பெரியப்பா வாயைப் பிளந்துவிட்டார். அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் வாசகர்களே, கடையில் ஓடும் அந்தப் படம் அந்தத் திரைக்கென்றே பொறுக்கி எடுத்தது. வெளிச்சம் முழு அளவில் வைக்கப்பட்டிருக்கும். நிறமும் 'விவிட்' என்னும் ஜரிகை வேஷத்தில் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் வீடு இருப்பதற்கும் மற்ற நாளில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாதா? கடைக்குப் போனால் முதல் காரியமாக அந்தப் படத்தை நிறுத்தச் சொல்லிவிட வேண்டும்.

"ஸார், இது எச்.டி. பிளஸ்!" என்றான் பையன்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 'எச்.டி. பிளஸ்' என்ற பெயரைக் கேட்டால் ஏதோ உசத்திச் சரக்கு என்று தோன்றும். போன் பாஷையில் அது 720க்கு 1,600 புள்ளி, படிக்கட்டின் கீழ்ப்படி. 'புல் எச்.டி. பிளஸ்' என்றால் 1,080க்கு 2,400 அல்லது அதற்குச் சமீபமாக இருக்கும். 6.5 அங்குலத் திரையில் முன்னது அங்குலத்துக்கு 270, பின்னது 405. மொத்தப் புள்ளிக் கணக்கில் பார்த்தால் இரண்டாவதில் இரண்டேகால் மடங்கு. ஆகையால் பெயரைக் கேட்காதீர்கள். பெட்டியின் மேலோ தயாரிப்பாளரின் விவரப் பட்டியலிலோ இரண்டு எண்களையும் பார்த்துக் கணக்குப் போடுங்கள். காமிராவின் மெகாபிக்ஸெலுக்கும் திரைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். பையன் அதையும் இதையும் போட்டுக் குழப்புவான்.

சரி, எத்தனை புள்ளி இருந்தால் போதும்? 2010-ஆம் வருஷம் ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபோன் 4-ஐ மேடையில் காட்டியபோது, பத்துப் பன்னிரண்டு அங்குலத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் அங்குலத்துக்கு சுமார் 300 புள்ளிக்கு மேல் மனிதக் கண்ணுக்குப் பிரித்துத் தெரியாது என்றார். அந்தப் போனில் 326 இருந்தது. 2007-இல் வந்த முதல் ஐபோனில் 163-தான். அவர் சொன்ன கணக்குக்கு அடிப்படை, கண் வைத்தியர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையில் இருக்கிறது. ஒரு டிகிரியை அறுபது பங்காக்கினால் அதில் ஒரு பங்கு கோணம் அளவுக்கு நுணுக்கமானதைப் பிரித்துப் பார்ப்பதுதான் சாதாரண நல்ல கண்ணின் சக்தி. இப்படிப் பார்த்தால் 40 சென்டிமீட்டர் தூரத்தில் அங்குலத்துக்கு சுமார் 220 புள்ளி போதும். 30 சென்டிமீட்டரில் 290 வேண்டும். 20 சென்டிமீட்டர் என்றால் 435 வேண்டும். இதைவிடக் கூர்மையான கண்களும் உண்டு. அது அவரவர் கொடுத்து வைத்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிக்கும் தாத்தா பாட்டிகளுக்கு 270 புள்ளியே தாராளம். அதற்கு மேல் கொடுக்கும் பணம் வீண். "பெரியவருக்கு எதற்கு ஸார் ஜாஸ்தி?" என்று பையனும் அதைத்தான் சொன்னான். ஆனால் எங்கள் பெரியப்பாவுக்குச் சின்ன வயசிலிருந்தே கிட்டப் பார்வை. படிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டு, போனை மூக்கருகில் கொண்டுபோய்விடுவார். அளந்து பார்த்தேன்: 20 சென்டிமீட்டர்! அவருக்கு 405-க்குக் குறைந்து ஒன்றும் உதவாது. வாங்குகிறவர் போனை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறார் என்று பார்க்காமல் திரை வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவதுதான்.

இப்போது பெரியப்பா தம்முடைய பையைத் திறந்தார். உள்ளேயிருந்து அச்சகத்தில் படப் பிளாக்குகளைச் சோதிக்க வைத்திருந்த பழைய பித்தளைப் பூதக்கண்ணாடி வெளிப்பட்டது! துணிக் கடையில் இழை எண்ணுவார்களே, அந்த ஜாதி. அதைப் போன் மேல் வைத்துக் குனிந்தார். கடையில் இருந்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள்.

"அடேடே, இதுவும் நம்ம பிளாக்குதானா!" என்றார்.

வாஸ்தவந்தான். பத்திரிகைப் படத்தையும் புள்ளி புள்ளியாகத்தான் அச்சடிக்கிறோம். சாதாரணப் பத்திரிகைக் காகிதத்தில் அங்குலத்துக்கு 65 முதல் 85 வரிசை. வழவழப்பான ஆர்ட் காகிதத்தில் 133 அல்லது 150. போன் திரையின் ஒவ்வொரு பிக்ஸெலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குட்டிப் புள்ளிகள் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து எரிந்தால் வெள்ளை. உங்களிடம் பூதக்கண்ணாடி இல்லையென்றால் கவலை வேண்டாம். உங்கள் போனில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, விரல் நுனியால் கடுகளவு தண்ணீர்த் துளி வைத்துப் பாருங்கள். துளியே கண்ணாடியாகி மூன்று நிறத்தையும் காட்டிவிடும். கடையில் இதைச் செய்ய வேண்டாம், அடிக்க வருவார்கள்.

பெரியப்பா இன்னொரு போனைப் பார்த்தார். மறுபடியும் முதலாவதைப் பார்த்தார். "தம்பி, இதில் பச்சை நிறைய இருக்கிறது, சிவப்பும் நீலமும் பாதிதான் இருக்கிறதே! மிச்சத்தை யார் எடுத்துக்கொண்டது?" என்று கேட்டார். பையன் திருதிருவென்று விழித்தான்.

பெரியப்பா கண்டுபிடித்தது பெரிய விஷயம். திரைகளில் முக்கியமாக இரண்டு வகை. முதலாவது எல்.சி.டி. அதில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஜன்னல் கதவு. அந்தக் கதவுதான் திரவப் படிகம். பெட்ரோமாக்ஸ் விளக்கை வீட்டுக்குள் வைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்து மூடுவது போல. கதவை எவ்வளவு சாத்தினாலும் இடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் கசியும். அதனால்தான் எல்.சி.டி.யில் கறுப்பு என்பது கரிக் கறுப்பாக இல்லாமல் கரும்பலகைக் கறுப்பாக இருக்கிறது. இரண்டாவது ஓலெட். 'அமோலெட்' என்பதும் அதே குடும்பம். இது கார்த்திகை தீபம். ஒவ்வொரு புள்ளியும் ஓர் அகல் விளக்கு. கறுப்பு வேண்டிய இடத்தில் விளக்கை அணைத்துவிட்டால் சுத்த அமாவாசை.

இந்த ஓலெட் திரைகள் பலவற்றில் பச்சைப் புள்ளி மட்டும் முழுக் கணக்கு. சிவப்பும் நீலமும் பாதி. 'பென்டைல்' என்று இந்த அமைப்புக்குப் பெயர். நம் கண் வெளிச்சத்தின் நுணுக்கத்தைப் பெரும்பாலும் பச்சையில்தான் பிடித்துக்கொள்கிறது என்பதால் இது செல்லுபடியாகிறது. ஆனால் 405 என்று பெட்டியில் போட்டிருக்கும் திரையில் சிவப்பையும் நீலத்தையும் மட்டும் எண்ணினால் சுமார் 286-தான் நிற்கும். 405-க்கு மேலே போனால் இந்தக் குறை சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. குறைந்த புள்ளியுள்ள ஓலெட்டில், வெள்ளையில் கறுப்பு எழுத்தின் ஓரங்களில் வர்ணப் பிசிறு தட்டும். எல்.சி.டி.யில் பொதுவாக மூன்று நிறமும் முழுக் கணக்கு. ஆகவே "எல்.சி.டி. என்றால் மட்டம், அமோலெட் என்றால் உசத்தி" என்று பையன் சொல்லும் ஜாதிப் பிரிவினையை நம்ப வேண்டியதில்லை.

இந்தத் திரவப் படிகத்துக்குப் பின்னால் ஒரு சுவாரசியமான கதை உண்டு. 1888-இல் பிராக் நகரில் ரைனிட்ஸர் என்ற தாவர சாஸ்திரி, காரட் கிழங்கிலிருந்து எடுத்த ஒரு சரக்கைக் காய்ச்சிப் பார்த்தார். 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில் திடீரென்று தெளிந்தது. ஒரே வஸ்து இரண்டு தரம் உருகுகிறதே என்று அவர் திகைத்தார். திரவப் படிகத்தைப் பற்றிய ஆராய்ச்சி அந்தத் திகைப்பில்தான் ஆரம்பமாயிற்று. வெகு காலம் கழித்து, 1977-இல், பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் சிவராமகிருஷ்ண சந்திரசேகரும் அவருடைய சகாக்களும், தட்டுத் தட்டாக அடுக்கி நிற்கும் மூலக்கூறுகளைக் கொண்ட புது வகைத் திரவப் படிகத்தைக் கண்டுபிடித்தார்கள். இவர் ஸர் சி. வி. ராமனுக்கு மருமான் முறை. பழைய எல்.சி.டி.க்களைப் பக்கவாட்டில் பார்த்தால் படம் கெட்டுப்போகும் அல்லவா? அந்தக் குறையைத் தீர்க்கத் திரையில் ஒட்டிய மெல்லிய தகடுகளில் பயன்பட்டது இந்தத் தட்டு ஜாதிதான். ஓலெட்டைப் பொறுத்தவரையில், 1987-இல் கோடக் கம்பெனியின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் வெளியிட்ட ஆராய்ச்சியே இன்றைய திரைகளுக்கு வழி திறந்தது.

நிற்க. கடைக்குத் திரும்புவோம். பெரியப்பா இரண்டு போன்களிலும் ஒரே தமிழ்ப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். எழுத்தைச் சின்னதாக்கிக்கொண்டே போனார். எந்த அளவில் 'எ'யும் 'ஏ'யும் ஒன்றாகின்றன, 'ண'வின் சுழி எப்போது அடைபடுகிறது, 'க்ஷ' எப்போது மைத் துளியாகிறது என்று பார்த்தார். தமிழ் படிக்கிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த சோதனை எனக்குத் தெரிந்தவரை இல்லை. ஆங்கில எழுத்தை வைத்துச் சோதித்தால் எல்லாத் திரையும் நல்ல திரையாகத்தான் தோன்றும். அதில் 'i', 'j' போன்ற ஒன்றிரண்டுக்குத்தானே புள்ளி!

அடுத்தபடியாக அக்காவின் முறை. அவர் தம் பையிலிருந்து திரும்பி வந்த அந்தச் சந்தனச் சேலையையே எடுத்தார். "இதை வைத்துப் பார்த்துவிடலாம், தம்பி" என்றார். கடை விளக்கில் நிறம் பார்ப்பது தப்பு. சேலைக் கடைக்குப் போனால் சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கிறோமா இல்லையா? போனுக்கும் அதேதான். வாசல் வெளிச்சத்தில் சேலையைப் பிடித்து, மேலே ஒரு வெள்ளைக் காகிதமும் வைத்துப் படம் எடுத்து, திரையையும் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதற்கு முன்னால் செட்டிங்கில் போய் இரண்டு காரியம் செய்தேன். கண்ணுக்கு இதம் என்ற பெயரில் திரையை மஞ்சளாக்கும் ஏற்பாட்டை நிறுத்தினேன். 'விவிட்' என்பதை மாற்றி 'நாச்சுரல்' என்று வைத்தேன். பல போன்களில் இப்படி ஓர் அமைப்பு இருக்கிறது; வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கமே போவதில்லை என்று எனக்குச் சந்தேகம். 1990-களில் கம்ப்யூட்டர்களுக்காக ஏற்பட்ட 'எஸ்.ஆர்.ஜி.பி.' என்ற நிறக் கட்டளையைத்தான் இன்றும் பெரும்பாலான படங்கள் அனுசரிக்கின்றன. 'நாச்சுரல்' என்றால் கூடுமானவரை அந்தக் கட்டளைப்படி காட்டுவது. 'விவிட்' என்றால் சமையல்காரர் தாராளமாகக் காரம் போடுவது.

முதல் போனில் 'நாச்சுரல்' வைத்த பிறகும் சேலை சற்றே ரோஜா சாயலில் இருந்தது. இரண்டாவது போன் ஓர் ஓலெட். அதில் சந்தனம் சந்தனமாகவே இருந்தது. அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுதான் என் சேலை" என்றார்.

ஆனால் நான் ஒன்றை மறைக்கவில்லை. அக்காவின் திரை சரியாக இருந்தாலும் வாங்குகிறவர் திரை எப்படியோ! அதற்கு நாம் என்ன செய்ய முடியும்? அந்த வெள்ளைக் காகிதத்தைப் படத்தில் ஒரு மூலையில் எப்போதும் இருக்கும்படி விட்டுவிடும்படி யோசனை சொன்னேன். பார்க்கிறவருக்குக் காகிதம் நீலமாகத் தெரிந்தால் சேலையும் அப்படித்தான் மாறியிருக்கும் என்று புரியும் அல்லவா?

பிறகு வெளிச்சம். பையன், "4,500 நிட் ஸார்!" என்று ஒரு விளம்பர அட்டையைக் காட்டினான். 'நிட்' என்பது ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஏறக்குறைய ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சம் என்று வைத்துக் கொள்ளலாம். இந்த மாதிரி மலைக்க வைக்கும் எண்கள் பெரும்பாலும் திரையின் ஒரு சிறு மூலை மட்டும் ஒரு கணம் எரியும்போது அளந்தவை. வெயிலில் நின்று முழுப் பக்கம் படிக்கும்போது கிடைப்பது அதில் ஒரு பங்குதான். அட்டையை விட்டுவிட்டு, போனை வாசல் வெயிலுக்கு எடுத்துப் போங்கள். ஐப்பசி மழைக்கால மூட்டத்தில் போய்ச் சோதித்துவிட்டுச் சித்திரை மாசத்தில் என்னைத் திட்டாதீர்கள்.

வெயிலில் பார்ப்பதைப் போலவே இருட்டில் பார்ப்பதும் அவசியம். இதை யாரும் செய்வதில்லை. வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, கையால் மறைத்துக்கொண்டு சாம்பல் நிறப் பக்கம் ஒன்றைப் பாருங்கள். சில திரைகளில் ஒரு பக்கம் பச்சையாகவும் ஒரு பக்கம் ரோஜாவாகவும் திட்டுத் திட்டாகத் தெரியும். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக முழுத்திரையும் நிரப்பிப் பார்த்தால் செத்துப்போன புள்ளிகளும் அகப்படும். பக்கவாட்டில் சாய்த்தும் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு சங்கதி. ஓலெட் திரைகள் பலவற்றில் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு விளக்கைச் சிறிதாக்குவதில்லை. வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைத்து அணைத்து ஏற்றுகிறார்கள். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் சிலருக்குத் தலைவலி, கண் கூசுதல் வருகிறது. எல்லோருக்கும் அல்ல, பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்வதில்லை. என் போனின் காமிராவில் ஷட்டர் வேகத்தைக் கையால் வைக்க முடியும். அதை வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக வைத்து அந்த ஓலெட்டைப் பார்த்தபோது, திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடின. பக்கத்திலிருந்த எல்.சி.டி.யில் பட்டை இல்லை. இந்தத் துடிப்பை வினாடிக்கு 2,000, 4,000 என்று உயர்த்தி, அதை விளம்பரமும் செய்கிற தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். துடிப்பு வேகமானால் தொல்லை குறையும். இந்தத் துடிப்பையும், திரையில் படம் வினாடிக்கு 60 அல்லது 120 தடவை மாறுவதையும் ஒன்றென்று எண்ணிக் குழம்ப வேண்டாம். படம் 120 தடவை மாறினால் பக்கத்தைத் தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போகும். நிற்கிற எழுத்துக்கு அதனால் ஒரு லாபமுமில்லை.

பெரியப்பா இரவு பத்து மணிக்கு மேல், வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு புரூப் பார்க்கிறவர். "கொஞ்சம் உட்காருகிறேன் தம்பி" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு போனிலும் பத்துப் பத்து நிமிஷம் படித்தார். பையன் நல்லவன், டீ கூட வாங்கிக் கொடுத்தான். கடைசியில் பெரியப்பா, 1,080க்கு 2,400 புள்ளியுள்ள எல்.சி.டி.யையே எடுத்துக்கொண்டார். அது ஓலெட்டைவிட 2,000 ரூபாய் குறைவு. பையன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். அக்கா ஓலெட்டை எடுத்துக்கொண்டார். அவரிடம் மட்டும், திரை உடைந்தால் மாற்ற என்ன ஆகும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். கேட்டதும் அக்கா, போனை வாங்கிய கையோடு அதற்கு ஒரு தடித்த உறையும் வாங்கிவிட்டார்.

வெளியே வந்ததும் பெரியப்பா நடைபாதையிலேயே நின்றுகொண்டு போன் பெட்டிக்குள் இருந்த உத்தரவாதச் சீட்டைப் பிரித்தார். தமிழிலும் அச்சிட்டிருந்தது. பென்சிலைத் தேடினார்.

அக்காவுக்கு அப்புறம் திரும்பி வந்த சேலை ஒன்றே ஒன்று. அதுவும் நிறத்துக்காக அல்ல, முந்தானையில் இழை பிரிந்திருந்ததற்காக. பதிப்பாளரிடம் பெரியப்பா தாமே போனார். "ஒரு பாரம் மட்டும் கொடுங்கள். கூலி வேண்டாம்" என்று கேட்டு வாங்கி வந்து, மூன்று நாளில் திருத்திக் கொடுத்தார். இப்போது மறுபடியும் புரூப் வருகிறது. கூலியும் வருகிறது.

நேற்று இரவு பதினொரு மணிக்கு என் போனில் ஒரு படம் வந்து விழுந்தது. நம் பத்திரிகையின் சென்ற இதழில் ஒரு பக்கம். அதில் மூன்று இடங்களில் சிவப்பு வட்டம். கீழே பெரியப்பா எழுதியிருந்தார்: "நாலு தரம் பெரிதாக்கிப் பார்த்தேன். பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன். இந்தத் தடவை போன் மேல் பழி போட வழியில்லை. நீங்கள்தான் புள்ளி வைக்கவில்லை."